மருத்துவக் கஞ்சா வந்தால் ஊசி போகுமா?

கேள்வி (வாசகர் ஒருவர், 2024 பிப்ரவரி 3)

மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் அபின்வகை மருந்துகளால் (அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்துகள், ஹெராயின் போன்றவை) நிகழும் மரணங்கள் கால்வாசி குறைந்ததாகப் படித்தேன். நம் ஊரில் பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். கஞ்சாவைச் சட்டம் அனுமதித்துவிட்டால் இவர்கள் ஊசியைத் தூக்கி எறிந்துவிட மாட்டார்களா? அரசுக்கு ஏன் இது உறைக்கவில்லை? துறையில் இருப்பவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 4, இரவு

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் மாற்று மருந்துச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அபின்வகைக்கு அடிமையானவர்களுக்கு ஊசிக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுக்கும் இடம்; ஓஎஸ்டி என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அந்தக் 'கால்வாசி' 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்விலிருந்து வருகிறது. 1999 முதல் 2010 வரையிலான இறப்புக் கணக்கை எடுத்துக்கொண்டு, மருத்துவக் கஞ்சாச் சட்டம் இருந்த மாநிலங்களில் அபின்வகை வலி மருந்துகளின் மிகையளவால் இறந்தவர்களின் விகிதம் 24.8 சதவீதம் குறைவாக இருந்தது என்று அது காட்டியது. கஞ்சாவுக்காக வாதாடுகிறவர்கள் எல்லோரும் அதை எடுத்துக் காட்டினார்கள். 2019-இல் வேறொரு குழு அதே கணக்குமுறையை அப்படியே வைத்துக்கொண்டு 2017 வரை நீட்டிப் பார்த்தபோது, குறைவு மறைந்துபோய் 22.7 சதவீதம் அதிகம் என்று எதிர்த்திசையில் விடை வந்தது. கஞ்சாதான் கொன்றது என்று அந்தக் குழு சொல்லவில்லை. ஒரு மாநிலத்தின் சராசரியைப் பார்த்து, அங்கே வாழும் தனி ஆள் எதை விட்டு எதற்குப் போனார் என்று கண்டுபிடிக்க முடியாது என்றே சொன்னது.

ஆகவே முதல் ஆய்வை வைத்துக்கொண்டு அரசைக் கேள்வி கேட்பதில் பயனில்லை. கஞ்சாச் சட்டம் ஒரு வழக்கு, ஊசி வேறொரு வழக்கு என்பதே என் எண்ணம்.

2024 பிப்ரவரி 5

"கஞ்சா கிடைக்காததால் ஊசிக்கு வந்தேன் என்று உங்களிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லியிருக்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் காவல்துறை 'கஞ்சா வேட்டை 2.0' தொடங்கிய பிறகு பொட்டலத்தின் விலை ஏறிவிட்டது, மாத்திரை அட்டை மலிவாகக் கிடைத்தது, அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் வாடையும் வராது என்று விளக்கிய இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே மாத்திரையை ருசி பார்த்தவர்கள் என்பது பதிவேட்டில் எழுதும்போது தெரியவரும்.

திரும்பி வரும் பாதைதான் சிக்கல். இவர்கள் கரைத்துப் போடும் வலி மாத்திரையும் அபின்வகைதான். அதற்கு உடல் பழகிவிட்டால், அது நின்ற சில மணி நேரத்தில் 'குடைச்சல்' தொடங்கும். கை கால் குடைச்சல், மூக்கில் தண்ணீர், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கஞ்சாவும் அபினும் மூளையில் வேலை செய்யும் ஏற்பிகள் (மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) வேறு வேறு. குடைச்சலில் இருக்கிறவர் கஞ்சா இழுத்தால் கொஞ்சம் கண் அசரலாம், குடைச்சல் போகாது. விடிந்ததும் ஊசிதான் நினைவுக்கு வரும். கஞ்சா இழுத்துக்கொண்டே ஊசியும் போடுகிறவர்கள் எங்கள் வரிசையில் நிறையவே உண்டு.

மாத்திரையைக் கரைத்து ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை விழுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மருந்தைத் தவிர மாவு, டால்க், பசை எல்லாம் இருக்கின்றன. அவை இரத்தத்தில் கரைவதில்லை. நரம்பை அடைக்கும், நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் தங்கும், ஊசி கொஞ்சம் தவறினால் சதையில் சீழ் கட்டும். சென்ற மாதம் ஒருவருக்குப் புறங்கை பன்ரொட்டி போல வீங்கியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு போல ஒரு தடிப்பு. அழுத்தினால் கயிறு மாதிரி உருண்டது. இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்த எங்களுக்கு நரம்பே கிடைக்கவில்லை. "குடுங்க சிஸ்டர், நானே எடுத்துத் தரேன்" என்று அவர் கழுத்தைக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன், பிறகு மருத்துவரைக் கூப்பிட்டேன்.

2024 பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

கஞ்சாவுக்கு இந்தியாவில் முழுத்தடை என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். போதைப் பொருள்களுக்கான மத்தியச் சட்டமான 1985-ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடை விதிக்கும்போதே மருத்துவத் தேவைக்கும் அறிவியல் தேவைக்கும் விலக்கு வைத்திருக்கிறது. 10-ஆம் பிரிவு கஞ்சாச் செடி பயிரிடுவதை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நாருக்கும் விதைக்கும் 14-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. உத்தராகண்ட் 2018-இல் அதன் வழியே உரிமம் கொடுத்தது. கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை. திறப்பதற்கு விதிகள் எழுத வேண்டும், மருந்தின் தரத்தை வரையறுக்க வேண்டும், எந்த நோய்க்கு என்று சொல்ல வேண்டும். அந்த வேலை சலிப்பூட்டுவது. முழக்கம் போடுகிறவர்களுக்கும் வேட்டையாடுகிறவர்களுக்கும் அதில் ருசி இல்லை.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க வாக்கெடுப்பு நடந்தபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று. இங்கே வந்து கேட்டால் இந்தச் செய்தி பலருக்கும் புதிதாக இருக்கிறது.

2024 பிப்ரவரி 7

கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு பற்றிக் கேட்ட கோவை நண்பருக்கு. ஆமாம், வாராணசியிலும் ஜெய்சல்மேரிலும் உரிமம் பெற்ற கடையில் விற்கிறார்கள். என்டிபிஎஸ் சட்டத்தின் வரையறையில் செடியின் பிசினும் பூத்த நுனியும்தான் மாட்டிக்கொள்கின்றன. நுனியோடு சேராத இலையும் விதையும் வெளியே இருக்கின்றன. ஒரே செடியில் கழுத்துக்கு மேலே பத்தாண்டுச் சிறை, கீழே கோயில் பிரசாதம்.

இதைப் படித்துவிட்டுச் சேலத்தில் கடை போடக் கிளம்பிவிடாதீர்கள். மதுவிலக்கு முதன்முதலாக வந்த மாவட்டமே அதுதான். 1937-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மதுவோடு போதைப் பொருள்களையும் சேர்த்தே தடுக்கிறது. மத்தியச் சட்டம் விட்ட இடத்தில் மாநிலச் சட்டம் நிற்கும்.

2024 பிப்ரவரி 10

"போதைக்குப் போதை கொடுப்பது என்ன சிகிச்சை? அதைவிடக் கஞ்சா மேல்" என்று ஒருவர். இந்தக் கேள்வியை மருத்துவமனைக்குள்ளேயே, வெள்ளைக் கோட்டு போட்டவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். நான்கைந்து ஆண்டுகளுக்குள் மணிப்பூரில் ஊசி போடுகிறவர்களிடையே அது காட்டுத்தீயாகப் பரவியது. சென்னையிலும் தொண்ணூறுகளில் ஊசிக்காரர்கள் இருந்தார்கள். 'பிரவுன் சுகர்' என்ற மட்டமான ஹெராயின் கிடைக்காதபோது அவர்கள் பலரும் போட்டுக்கொண்டது ப்யூப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்து. மருந்துக்கடையில் ஆம்பூலாக (ஊசி மருந்துக் குப்பியாக) கிடைத்தது. ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். என் மூத்த சக ஊழியர்கள் அந்தக் காலத்தில் பிணவறைக்கு எழுதிய சீட்டுகளைப் பற்றி இப்போதும் பேசுவார்கள்.

நாங்கள் இன்று கொடுக்கும் மருந்தும் அதே ப்யூப்ரெனார்ஃபின்தான். பொருள் ஒன்றே, வழியும் அளவும் வேறு. மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுகிறோம். அபினின் ஏற்பியை அது அரைகுறையாகவே தூண்டும். ஓர் அளவுக்கு மேல் கொடுத்தாலும் விளைவு அதற்கேற்ப ஏறாது. அதனால் மூச்சு நின்று சாகும் ஆபத்து ஹெராயினை விட மிகவும் குறைவு. ஏற்பியை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருப்பதால் குடைச்சல் வராது. குடைச்சல் இல்லாதவர் காலையில் வேலைக்குப் போகலாம். தில்லியில் ஒரு தொண்டு நிறுவனம் 1993-லேயே இதைத் தொடங்கிவிட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் திட்டத்தில் சேர்க்க இன்னும் பதினைந்து ஆண்டுகள் போயின.

எங்கள் காலை நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒன்பது மணிக்குச் சன்னல் திறக்கும். சுமை தூக்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மீன் ஏலத்திலிருந்து நேராக வருகிறவர்கள் என்று வரிசை நிற்கும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துச் சிறு உரலில் இட்டு நசுக்கி, காகிதத்தில் கொட்டி, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியில் தூவுவேன். எச்சிலை விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும். அதனால் பத்து நிமிடம் பெஞ்சில் வரிசையாகக் குனிந்து, ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வாய் பேசாத நேரத்தில் கையால் சண்டை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. பிறகு டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லி, வெள்ளை மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகே கையெழுத்து. வெளியே எடுத்துப்போய் விற்றுவிடாமலிருக்க இந்தக் கெடுபிடி. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பல நாள் மருந்தைக் கையில் கொடுத்தனுப்ப அனுமதி வந்தது. எல்லோரும் பயந்தோம். எங்கள் மையத்தில் பெரும்பாலோர் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். வேலைக்குப் போகிற ஆளைத் தினமும் வரவைத்துச் சம்பளத்தில் கைவைப்பது அவசியம்தானா என்று அன்று தோன்றியது இன்றும் போகவில்லை.

ஆகவே போதைக்குப் போதை என்பவருக்கு என் பதில்: சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை எப்போது நிறுத்துவீர்கள் என்று யாரும் விரட்டுவதில்லை. கஞ்சாவுக்கு இந்த இடத்தில் ப்யூப்ரெனார்ஃபின் செய்வதைச் செய்யும் சக்தி இருப்பதாக நான் பார்த்த எந்த ஆதாரமும் இல்லை.

2024 பிப்ரவரி 10, மீண்டும்

மேலே விட்டுப்போனது. 2021-இன் தேசியக் கண்காணிப்பில் ஊசி போடுகிறவர்களிடையே எச்.ஐ.வி. விகிதம் சுமார் 9 சதவீதம். பொதுவான வயது வந்தோரிடையே அது கால் சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2019-இல் சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட கணக்கெடுப்பு நாட்டில் ஊசி போடுகிறவர்கள் சுமார் 8.5 லட்சம் என்றும், கஞ்சா வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் 3 கோடிக்கும் மேல் என்றும் சொன்னது. பின்னவர்களைப் பற்றித்தான் தொலைக்காட்சி விவாதம் நடக்கிறது. முன்னவர்கள்தான் சாகிறார்கள்.

2024 பிப்ரவரி 14

இரண்டும் வேறு வேறு வழக்கு என்று முதல் குறிப்பில் எழுதியதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். மருந்து என்ற அளவில் அதில் மாற்றமில்லை. ஆனால் காவல் நிலையத்தில் அப்படி இல்லை. அங்கே இரண்டுக்கும் சட்டப்புத்தகம் ஒன்றே.

எங்களிடம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒருவர், ஊசியை விட்டுப் பல மாதம் ஆனவர், இரவில் தூக்கத்துக்காக ஒரு சிறு பொட்டலம் வைத்திருந்தார். பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு கிலோவுக்குள் இருந்தால் சிறிய அளவு; ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவருக்கு வந்த தண்டனை அதுவன்று. உள்ளே போன மூன்றாம் நாள் ப்யூப்ரெனார்ஃபின் இல்லாமல் குடைச்சல் கிளம்பிவிட்டது. தில்லி திகார் சிறைக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இவர் இருந்த சிறையில் கிடைக்கவில்லை. பிணையில் வந்தவர் எங்கள் சன்னலுக்கு வரவில்லை. நேராக ஊசிக்குப் போனார். சிறையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். அவர் பிழைத்துக்கொண்டார், அக்கம்பக்கத்தார் 108-ஐக் கூப்பிட்டார்கள், அபின்வகையின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் கொடுக்க மருத்துவர் இருந்தார்.

கஞ்சா அவரைக் காப்பாற்றவுமில்லை, கொல்லவுமில்லை. கஞ்சாவுக்கான கைது அவரைச் சிகிச்சையிலிருந்து பிடுங்கியது. கேள்வி கேட்ட நண்பர் பக்கம் நான் ஓரடி நகர்கிறேன் என்றால் அது இந்த இடத்தில்தான்: மருத்துவக் கஞ்சாவுக்கு உரிமம் கொடுப்பதால் ஊசி குறையும் என்று நான் நம்பவில்லை; ஆனால் சிறிய அளவுக்காகப் பிடிப்பதை விட்டுவிட்டால் ஊசிக்காரர்கள் எங்களிடம் வருவது கூடும் என்று நம்புகிறேன்.

2024 பிப்ரவரி 15

வழக்கறிஞர் நண்பர் என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவை நினைவூட்டியிருக்கிறார். அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவுக் குற்றத்துக்கும் அவர்மேல் வழக்குத் தொடர முடியாது. நல்ல பிரிவு. ஆனால் சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்ற வாலும் அதிலேயே இருக்கிறது. எங்கள் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நடப்பது. நடுவில் சறுக்குவதும் எழுவதும் அதன் போக்கு. 'முடித்தார்' என்று எந்தத் தேதியில் நான் எழுத வேண்டும்? நீதிமன்றத்துக்குச் சான்று கேட்டு வருகிறவர்களிடம் "தொடர்ந்து வருகிறார்" என்று எழுதிக் கொடுக்கிறோம். சில நீதிபதிகள் ஏற்கிறார்கள்.

அதைவிடத் தெளிவானது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டே போட்டிருக்கிறார்கள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுப்பவர்மேலும், வாங்குபவர்மேலும், மாற்று மருந்து கொடுப்பவர்மேலும், பெறுபவர்மேலும் வழக்குப் போட முடியாது. எங்கள் களப்பணியாளர்கள் இந்தப் பக்கத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊசிப் பையோடு வைத்திருக்கிறார்கள். தெருமுனையில் ரோந்து வரும் காவலர் என்டிபிஎஸ்ஸைப் படித்திருப்பார், இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

2024 பிப்ரவரி 19

கஞ்சாவையும் ஊசியையும் ஒரே மூச்சில் பேசும் வழக்கம் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். சான்ஃபிரான்சிஸ்கோதான் காரணம் என்று நினைக்கிறேன். எய்ட்ஸ் காலத்தில் அங்கே சட்டத்தை மீறி ஊசி மாற்றிக் கொடுத்தவர்களும், உடல் மெலிந்து சாப்பாடு இறங்காமல் கிடந்த நோயாளிகளுக்குக் கஞ்சா கொடுத்தவர்களும் ஒரே தெருக்களில் இயங்கினார்கள். டென்னிஸ் பெரோன் முன்னின்று நடத்திய இயக்கம் 1996-இல் கலிஃபோர்னியாவின் 215-ஆம் முன்மொழிவாக வாக்கெடுப்பில் வென்றது. அமெரிக்காவின் முதல் மருத்துவக் கஞ்சாச் சட்டம் அது. ஊசி மாற்றுத் திட்டத்துக்கோ 1988-இல் அமெரிக்க மத்திய அரசு பணம் தரத் தடை போட்டு, அது இருபதாண்டுக்கும் மேல் நீடித்தது. ஒரே மரண வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் வாக்காளர்கள் கை கொடுத்தார்கள். கஞ்சா வாங்க வந்த நோயாளியின் முகம் அவர்களுக்குத் தெரிந்த முகம்.

2024 பிப்ரவரி 22

புற்றுநோய் வலிக்குக் கஞ்சா எண்ணெய் வாங்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கு மொத்தமாக: என் அத்தைக்கும் இதே யோசனையை உறவினர் ஒருவர் கொண்டுவந்தார், 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு இணையத்தில் விற்கிறார்கள், இலையிலிருந்து எடுப்பதால் சட்டத்துக்குள் வருகிறது. அத்தைக்கு உண்மையில் வேண்டியிருந்தது மார்ஃபின். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து மில்லிகிராம் மாத்திரை. முதல் இரவே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். என்டிபிஎஸ் சட்டத்தின் 2014 திருத்தம் மார்ஃபின் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளுக்கு விதியை எளிதாக்கியும், எங்கள் ஊரில் இருப்பு வைத்திருந்த மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டியிருந்தது. கஞ்சாவிலிருந்து வந்த மருந்துகளுக்கு இடம் உண்டு: சில வகைக் குழந்தைப் பருவ வலிப்பு, கீமோவின் குமட்டல், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோயின் தசை இறுக்கம். கடும் புற்றுவலியில் முதலில் கேட்க வேண்டிய மருந்து மார்ஃபின்.

2024 மார்ச் 1

திருச்சியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு. உங்கள் மகன் மாத்திரையைக் கரைத்துப் போடுகிறான் என்கிறீர்கள், கஞ்சா எவ்வளவோ தேவலாம், அதையே வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். குடைச்சலுக்கு அது ஆகாது.

வீட்டில் அடைத்துவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்; மனநலப் பிரிவிலோ எச்.ஐ.வி. பரிசோதனை மையத்திலோ ஓஎஸ்டி எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். 1097-லும் 14446-லும் கேட்கலாம், இரண்டும் இலவசம். எச்.ஐ.வி.யோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் சி தொற்றுக்கான பரிசோதனையையும் விடாதீர்கள். தொற்று இருந்தால் அரசுத் திட்டத்திலேயே மாத்திரை இலவசம், பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் குணமாகிறது. அவன் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிற வரையில் யாருடைய ஊசியையும் வாங்கிப் போடக் கூடாது, அறைக் கதவைத் தாழிடக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். மூச்சு மெதுவாகி உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108.

இன்னொன்று. கடைசியாக எப்போது போட்டான் என்பதை முதல் நாள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் பையன்கள் பொய் சொல்வார்கள். வெளியே போய் உட்காருங்கள். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போது ப்யூப்ரெனார்ஃபின் கொடுத்தால் அதுவே குடைச்சலைக் கிளப்பிவிடும். இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் அன்றே எழுந்து போய்விடுவான்.